பெயரைச் சொன்னால் போதாதா?
மருத்துவமனைப் பதிவு எண் குறித்துச் சில விளக்கங்கள்



வெளிநோயாளர் பிரிவின் பதிவு முகப்பில் நாள்தோறும் ஒரு சிறு மனத்தாங்கல் எழுவதைப் பார்க்கிறேன். “முன்பு இங்கே வந்திருக்கிறீர்களா? பதிவு எண் இருக்கிறதா?” என்று பணியாளர் கேட்கிறார். “அதுதான் பெயரைச் சொல்லிவிட்டேனே, கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார் வந்தவர். பின்னால் வரிசை நீள்கிறது. “சரி, புதிதாகவே போட்டுவிடுங்கள்” என்று அவரே வழியும் சொல்லிவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் புதிய சீட்டு கைக்கு வருகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அவருடைய பழைய நோய் வரலாறு முழுவதும் அவரிடமிருந்து பிரிந்துவிடுகிறது என்பதை அவர் அறிவதில்லை.

பதிவு எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதை ஒரு பொது மருத்துவ நிபுணர் என்ற முறையில் விளக்குவது என் கடமை எனக் கருதுகிறேன்.

ஒரு மனிதர், மூன்று கோப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு மருத்துவமனையில் பணியாற்றியபோது, தொழிற்சாலை ஊழியர் ஒருவர் கால் வீக்கத்துடன் என்னிடம் வந்தார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 2.2 மில்லிகிராம் இருந்தது. சிறுநீரகம் கணிசமாகப் பழுதடைந்திருப்பதற்கான அறிகுறி அது. கணினியில் அவருடைய கோப்பைத் திறந்தேன். அன்றைய பரிசோதனை மட்டுமே அதில் இருந்தது.

“இதற்கு முன் பரிசோதனை செய்ததில்லையா?” என்று கேட்டேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். “நாலு வருஷமா இதே ஆஸ்பத்திரிக்குத்தானே சார் வந்துட்டிருக்கேன். உங்க கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாதா?” என்றார்.

தெரிந்திருந்தது, மூன்று வெவ்வேறு மனிதர்களாக! முதன்முறை தொழிற்சாலை அனுப்பிய மருத்துவப் பரிசோதனைக்காகத் தலைப்பெழுத்துடன் பதிவாகியிருந்தார். அப்போது கிரியேட்டினின் 1.1. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுகுவலிக்காக வந்தபோது கைபேசி எண் மாறியிருந்ததால் வேறொரு கோப்பு, அதில் 1.5. மூன்றாவது முறை அவருடைய மனைவி பதிவு செய்தார். அவர் பெயரை வேறு விதமாக எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தார்.

1.5 என்ற எண்ணைத் தனியாகப் பார்க்கும் மருத்துவர் சற்றுக் கவலை கொள்வார்; மறுமுறை பார்க்கலாம் என்று நினைப்பார். 1.1, 1.5, 2.2 என்று வரிசையாகப் பார்க்கும் மருத்துவர் உடனே விழித்துக்கொள்வார். அந்த வரிசையை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. இடையில் முதுகுவலிக்காக, சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடிய வலி நிவாரணி மாத்திரைகளும் அவருக்கு எழுதித் தரப்பட்டிருந்தன. அவருடைய சிறுநீரக நோயைத் தடுத்திருக்க முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. தாமதப்படுத்தியிருக்க முடியும் என்று சொல்ல இயலும். அன்று அவர் கேட்ட கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை.

ஒரே பெயர், இரண்டு கட்டில்கள்

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அது இன்னும் விரைவாகத் தீங்கு செய்யும்.

அதே காலத்தில் பெண்கள் பிரிவில் ஒரே பெயர் கொண்ட இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஒருவருக்குச் சர்க்கரை நோய். மற்றவருக்கு நுரையீரல் தொற்று. இன்சுலின் ஊசியுடன் வந்த செவிலியர் பெயரைச் சொல்லி அழைத்தார். காது மந்தமான அந்த இரண்டாம் அம்மையார் தலையசைத்தார். அருகிலிருந்த மகள்தான், “எங்க அம்மாவுக்குச் சக்கரையே இல்லையேம்மா” என்று தடுத்தார். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு இன்சுலின் செலுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். அன்று ஓர் உயிரைக் காத்தது அந்த மகளின் ஒரு வாக்கியம்.

ஒரு மனிதருக்கு இரண்டு எண்கள் இருப்பது முதல் பிழை. இரண்டு மனிதர்கள் ஓர் அடையாளத்தின் கீழ் வருவது இரண்டாம் பிழை. மருத்துவமனையின் தரவுத்தளம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்த இரண்டையும் தவிர்க்காவிட்டால் பயனில்லை. இவற்றைத் தவிர்ப்பதற்காகவே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனித்த எண் தரப்படுகிறது. கணினித் துறையினர் அதை முதன்மைத் திறவுகோல் என்பர். உங்கள் கோப்பு என்னும் பூட்டை அந்தத் திறவுகோல் மட்டுமே திறக்க வேண்டும். வேறு பூட்டு எதையும் அது திறக்கக் கூடாது.

பெயர் ஏன் போதாது?

நம் வட்டாரத்தில் பெயரை நம்புவது மற்ற இடங்களைவிடக் கடினம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் தலைமுறைகளாகப் புழங்கும் எல்லைப் பகுதி இது. தமிழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். கர்நாடக ஆவணங்களில் சிலருக்குத் தலைப்பெழுத்து பின்னால் நிற்கும். திருமணமான பெண்ணுக்குத் தந்தையின் எழுத்துக்குப் பதில் கணவரின் எழுத்து வந்துவிடும். முகம்மது, முஹம்மத், மொகமத் என்று ஒரே பெயர் பல வடிவங்களில் ஆவணங்களில் காணப்படும். ‘கௌரி’ என்று தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் மாற்றுபவர் எந்த எழுத்தில் தொடங்குவார் என்பது அவரவர் கைப்பழக்கம். சிப்காட் தொழிற்பேட்டைகளில் பணிபுரிய ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் இளைஞர் தம் பெயரைப் ‘பிகாஷ்’ என்பார். பீகாரிலிருந்து வருபவர் அதே பெயரை ‘விகாஷ்’ என்பார்.

இவ்வளவு ஏன், நம் ஊரின் பெயரையே ஓசூர் என்றும் ஒசூர் என்றும் எழுதுகிறோம். படிப்பவருக்கு இரண்டும் ஓர் ஊர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

பிறந்த தேதி, கைபேசி, ஆதார்

பெயருடன் பிறந்த தேதியைச் சேர்த்தால் போதுமே என்று சிலர் கேட்பதுண்டு. நம் முதியோர் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆண்டு மட்டும் தெரிந்தவர்களின் ஆவணங்களில் சனவரி 1 என்று பதிவாகியிருப்பது வழக்கம். பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் கணக்கிட்டு எழுதிய தேதியே பலருக்கு வாழ்நாள் முழுவதும் பிறந்த நாளாக இருக்கிறது.

கைபேசி எண்ணோ இன்னும் நிலையற்றது. ஒரே அறையில் தங்கும் ஆறு தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் எண்ணையே கொடுப்பதைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் தாத்தா, மருமகள், பேரன் மூவருக்கும் மகனின் எண்தான். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கைபேசி எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் பரிசோதனை முடிவு பற்றிய குறுஞ்செய்தி அறிமுகமில்லாத ஒருவரைச் சென்றடையும்.

குடும்ப அட்டை எண்ணும் உதவாது. அது குடும்பத்துக்கு உரியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் குடும்ப அடிப்படையிலானதே. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்திலும் ஊழியரின் காப்பீட்டு எண்ணின் கீழேயே அவர் குடும்பத்தார் சிகிச்சை பெறுகிறார்கள். செலவை யார் ஏற்பது என்பதற்கு இவை சரியான எண்கள். ஊசி யாருக்கு என்பதற்கு அல்ல.

ஆதார் தனி மனிதருக்கு உரியது, 12 இலக்கம் கொண்டது, மாறாதது. அதையே பயன்படுத்தினால் என்ன? நேற்றிரவு பிறந்த குழந்தைக்கு ஆதார் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி நினைவின்றிக் கொண்டுவரப்படுபவரிடம் அட்டை இராது. ஆதார் இல்லை என்று சிகிச்சையை நிறுத்தவும் கூடாது. மேலும், அந்த எண்ணைக் கைப்பட்டையிலும் ஆய்வகக் குப்பியிலும் எல்லோரும் காண ஒட்டிவைப்பது உங்கள் தனியுரிமைக்கு ஏற்றதன்று. ஆகவே ஆதாரை அடையாளச் சான்றாகக் காட்டலாம். கோப்பின் திறவுகோலாக வைப்பதற்கில்லை.

நல்ல எண்ணுக்கு உரிய இலக்கணம்

நல்ல பதிவு எண்ணுக்கு நான்கு இயல்புகள் வேண்டும்.

முதலாவது, அது ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, என்றும் மாறக் கூடாது. மூன்றாவது, ஒருமுறை வழங்கியபின் வேறு எவருக்கும் வழங்கக் கூடாது. ஒருவர் காலமான பின்னும் அந்த எண் அவருடையதே. நான்காவது, அந்த எண்ணுக்குள் எந்தப் பொருளும் பொதிந்திருக்கக் கூடாது. இந்த நான்காவது இயல்புதான் பலருக்கு வியப்பளிக்கிறது. ஊர், வயது, பிரிவு ஆகியவற்றை எண்ணிலேயே குறித்துவிட்டால் வசதிதானே என்று தோன்றும். ஆனால் அவர் தேன்கனிக்கோட்டையிலிருந்து பர்கூருக்குக் குடிபெயர்ந்தால் எண் பொய்யாகிவிடும். பொய்யான எண்ணை யாராவது திருத்த முற்படுவார்கள். திருத்தினால் பழைய கோப்பு அறுந்துபோகும்.

தொழிலாளத் தோழர்களுக்கு இது புதிதன்று. முன்பு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் நிறுவனத்தோடு கட்டுண்டிருந்தது. வேலை மாறினால் எண்ணும் மாறும்; பழைய பணத்தைத் தேடி அலைய நேரும். 2014 அக்டோபரில் 12 இலக்கம் கொண்ட பொதுக் கணக்கு எண் நடைமுறைக்கு வந்தபின், எத்தனை நிறுவனம் மாறினாலும் ஊழியருக்கு எண் ஒன்றே. உங்கள் மருத்துவப் பதிவு எண்ணும் அப்படிப்பட்டதுதான்.

பெயர் தெரியாத விபத்து நோயாளிக்கு வந்த நொடியிலேயே ஓர் எண் தரப்படுகிறது. இரத்தப் பரிசோதனை, ஊடுகதிர்ப் படம் எல்லாம் அந்த எண்ணில் சேர்கின்றன. மறுநாள் உறவினர் வந்து பெயரைச் சொல்லும்போது பெயர் மட்டும் நிரப்பப்படுகிறது. எண் அப்படியே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கும் இவ்வாறே. முதலில் “இன்னாரின் குழந்தை” என்றுதான் எழுதுகிறோம். இரட்டைக் குழந்தைகளானால் தாயின் பெயர் இருவருக்கும் பொது, எண்கள் வெவ்வேறு. பெயர் சூட்டு விழா எப்போது நடந்தாலும், முதல் தடுப்பூசியின் பதிவு தவறாமல் அந்தக் குழந்தையோடு இருக்கும்.

எண்ணும் தவறலாம்

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது இலக்கங்கள் இடம் மாறுவது இயல்பு. இதைக் கண்டுபிடிக்க, எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை எண்ணில் 10 இலக்கங்கள். பத்தாவது சரிபார்ப்பு இலக்கம். ஆதாரின் கடைசி இலக்கமும் அத்தகையதே. நெதர்லாந்துக் கணிதவியலர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை அதில் பயன்படுகிறது. ஓர் இலக்கம் தவறானாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அம்முறை காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்து முறையைச் சுருக்கி ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 4713 என்பது எண். இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 20, 28, 3, 6 சேர்ந்து 57. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 2. பதினொன்றிலிருந்து 2 போக 9. ஆகவே முழு எண் 47139. பணியாளர் அவசரத்தில் 41739 என்று அடித்துவிட்டால், கணினி அதே கணக்கைப் போடும். கூட்டல் 51, மீதி 7, வர வேண்டிய கடைசி இலக்கம் 4. ஆனால் இருப்பதோ 9. “இந்த எண் தவறு” என்று கணினி மறுத்துவிடும். வேறொருவரின் கோப்பு உங்கள் பெயரில் திறப்பது இவ்வாறு தடுக்கப்படுகிறது.

ஒரே எண்ணை இரண்டு இடங்களில் வழங்கிவிடும் சிக்கலும் உண்டு. அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் முகாம் நடக்கும்போது இணையத் தொடர்பு கிட்டாமல் போவது வழக்கம். அங்கே நோட்டில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அதே நாளில் வேறொரு முகாமிலும் 1, 2, 3 என்று எண்ணிட்டால், இரண்டையும் சேர்க்கும்போது ஒருவரின் இரத்த அழுத்தம் மற்றவரின் கோப்பில் ஏறிவிடும். ஒவ்வொரு முகாமுக்கும் முன்கூட்டியே தனித்தனி எண் தொகுதியை ஒதுக்கிவிடுவது இதற்கு எளிய தீர்வு.

எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், அது சரியான மனிதரோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டே உறுதிசெய்ய வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஒன்பது நோயாளர் பாதுகாப்பு வழிமுறைகளுள் இதுவும் ஒன்று. மருந்து, இரத்தம், பரிசோதனை எதுவாயினும் குறைந்தது இரண்டு அடையாளங்களை ஒப்பிட வேண்டும்; அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். குறிப்பாக இரத்தம் ஏற்றும்போது, ‘ஏ’ பிரிவினருக்கு ‘பி’ பிரிவு இரத்தம் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் செவிலியர் மறுபடியும் மறுபடியும் உங்கள் பெயரைக் கேட்கிறார். அது மறதியன்று, உங்களைக் காக்கும் முறை.

எல்லை தாண்டும்போது

நம் பகுதி மக்கள் காலையில் இங்கே மருத்துவரைப் பார்ப்பார்கள்; மாலையில் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரில் ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்ப்பார்கள். நாங்கள் தரும் எண் எங்கள் சுவர்களுக்குள் மட்டுமே செல்லும். பெங்களூரு மருத்துவமனைக்கு அது வெறும் எண். இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஒன்றிய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தைத் தொடங்கியது. அதன்கீழ் ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணை விருப்பமுள்ளவர் பெறலாம். வெவ்வேறு மருத்துவமனைகளின் பதிவுகளை உங்கள் ஒப்புதலுடன் இணைப்பதற்கு அது உதவும். அது இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

கருவுற்ற தாய்மார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் தமிழ்நாட்டில் வழங்கப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அது தொடர்ந்து தேவைப்படும். பிரசவத்துக்காக எல்லைக்கு அப்பாலுள்ள தாய்வீடு செல்பவர்கள் அதை மறவாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் சீட்டில் பல எண்கள் இருக்கும். டோக்கன் எண் அன்றைய வரிசைக்கு மட்டும். நாளை அது வேறொருவருடையது. உள்நோயாளர் எண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும். அடுத்த முறை மாறும். பதிவு எண் ஒன்றுதான் நிலையானது. அதை வட்டமிட்டுத் தருமாறு முகப்பில் கேளுங்கள். கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், வீட்டிலுள்ள மற்றொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

சீட்டு தொலைந்துவிட்டால் “புதிதாகப் போடுங்கள்” என்று சொல்லாதீர்கள். “பழைய பதிவைத் தேடுங்கள்” என்று சொல்லுங்கள். பழைய பெயர், பழைய கைபேசி எண், முன்பு வேலை செய்த நிறுவனம், கணவர் அல்லது தந்தையின் பெயர் ஆகியவை தேடுவதற்கு உதவும். இரண்டு பதிவுகள் இருப்பதாக ஐயம் எழுந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவினர் உரிய சான்றுகளைப் பார்த்து இரண்டையும் இணைத்துவிடுவார்கள்.

ஒருவர் பதிவில் மற்றொருவர் சிகிச்சை பெறுவதை அறவே தவிருங்கள். காப்பீடு உள்ள அண்ணனின் பெயரில் தம்பியைக் காட்டினால், தம்பியின் இரத்தப் பிரிவு அண்ணனின் கோப்பில் ஏறும். என்றோ ஒரு நாள் அண்ணன் விபத்தில் வரும்போது அந்தக் கோப்பைத்தான் நாங்கள் திறப்போம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தில் வீட்டுக்கே வரும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் எங்கள் பதிவில் இருக்க வாய்ப்பில்லை. அந்த மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

உள்நோயாளராக இருக்கையில் கைப்பட்டையைக் கழற்றாதீர்கள். “நீங்கள் இன்னாரா?” என்று கேட்டால் வெறுமனே தலையசைக்காமல் உங்கள் பெயரை நீங்களே முழுமையாகச் சொல்லுங்கள். இரத்த மாதிரி எடுத்தபின் குப்பியில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உடனிருப்பவர்களே, உங்களுக்கு ஐயம் எழுந்தால் உடனே கேளுங்கள். அந்த மகளைப் போல ஒரு வாக்கியம் போதும்; எங்களில் ஒருவரும் அதைக் குறையாக எண்ண மாட்டோம்.

நாங்கள் உங்களை எண்ணாகப் பார்க்கிறோம் என்று சிலர் வருந்துவதுண்டு. பெயரைச் சொல்லித்தான் உங்களை அழைப்போம், நலம் விசாரிப்போம். அந்தப் பெயருக்கு உரியவரின் நேற்றைய துன்பத்தை இன்றைய மருத்துவர் தெரிந்துகொள்வதற்கே இந்த எண். அடுத்த முறை வரும்போது மறவாமல் அதைக் கொண்டுவாருங்கள். “உங்க கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்டால், “தெரியும், நான்கு ஆண்டுகளாகத் தெரியும்” என்று சொல்லவே நான் விரும்புகிறேன்.